ஈயின் மூளையில் இனங்காணல்

கிராண்ட்பாஸ் என்ற பெயருக்குள் ஒரு கடவை உண்டு. களனி கங்கையைக் கடப்பதற்குரிய பெருந்துறையாக விளங்கிய இடம் அது; தமிழில் அதனைப் பாலத்துறை என்பர். அங்குள்ள பழக்கடையொன்றிலே கனிந்து கறுத்த கதலிக்குலையைத் தொட்டால், எள்ளளவான ஈக்கள் சில மேலெழுந்து மீண்டும் அதிலேயே அமர்வதைக் காணலாம். கடைக்காரர் துணியால் வீசித் துரத்தும் இவ்வகைப் பழ ஈயை விஞ்ஞானிகள் துரோசோபிலா என அழைப்பர். 1910ஆம் ஆண்டில் தோமஸ் மோர்கன் வெண்ணிறக் கண்ணுடைய ஈயொன்றைக் கண்டு ஆராய்ந்த காலந்தொட்டு, பரம்பரையியலின் பெரும்பகுதி இச்சிற்றுயிரின் முதுகிலேறியே பயணஞ் செய்துள்ளது.

மனித மூளையை அறிய விழைவோர் ஈயின் மூளையை நாடுவது ஏன் எனக் கேட்கலாம். மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புக்கலங்கள் உள்ளன. ஈயின் மூளையிலோ, 2024இல் வெளிவந்த முழுமையான இணைப்புப்படத்தின்படி, 139,255 நரம்புக்கலங்களே உண்டு. எனினும் அந்த ஈ பறக்கிறது, மணத்தை நினைவிற் கொள்கிறது, உறங்குகிறது, துணை தேடுகிறது. எண்ணி முடிக்கக்கூடிய கலங்களைக்கொண்டு இத்தனையும் நிகழ்வதே ஆய்வாளரை ஈர்த்தது.

இத்துறையில் நமது அயல்நாட்டுக்கும் உரிய இடமுண்டு. பம்பாயிலுள்ள ராரா அடிப்படை ஆராய்ச்சி நிறுவகத்தில் 1962இல் மூலக்கூற்று உயிரியற் பிரிவைத் தொடக்கியவர் ஒபெய்த் சித்திக்கி. நைரோபியிற் பிறந்து, டப்ளினில் பயின்று, அவரிடம் ஆராய்ச்சி மாணவியாக வந்தவர் வெரோனிக்கா றொட்றிகஸ். சுவையையும் மணத்தையும் உணருந் திறன் குன்றிய ஈக்களைத் தேடிப் பிரித்து, எப்பரம்பரையலகு மாறியதனால் எப்புலன் பழுதுற்றது என அவர்கள் வினவினர். ஈயின் நடத்தையிலிருந்து பரம்பரையலகை நோக்கிச் சென்ற வழி அது. கலத்தினுள்ளே எந்தப் பரம்பரையலகுகள் விழித்திருக்கின்றன என்று நேரே பார்த்து, அக்கலம் எவ்வகையினது எனக் கூறுவது இன்றைய வழி.

ஈயின் உடலிலுள்ள கலங்கள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே பரம்பரையலகுத் தொகுதியே இருக்கிறது. புரதம் ஆக்குபவை மட்டும் சுமார் 14,000. அவ்வாறாயின் ஒரு கலம் ஒளியை உணர்வதும் மற்றொன்று நினைவைத் தாங்குவதும் எங்ஙனம்? கிராண்ட்பாஸின் வீடுகளை எண்ணிப்பார்த்தால் இது விளங்கும். ஒரே நாட்காட்டியே பல வீட்டுச் சுவர்களிலும் தொங்குகிறது. அதில் பொங்கலும் உண்டு, வெசாக்கும் உண்டு, நோன்புப் பெருநாளும் நத்தாரும் உண்டு. எந்த வீட்டில் பால் பொங்குகிறது, எந்த வீட்டில் வெசாக் கூடு தொங்குகிறது என்பதே வீட்டுக்கு வீடு வேறுபடும். கலமும் அத்தகையதே. அதன் வகை, அதற்கு வாய்த்த ஏட்டினாலன்றி, அவ்வேட்டில் அது கைக்கொள்ளும் பக்கங்களாலேயே புலப்படும்.

விழித்திருக்கும் பரம்பரையலகு, தூது ஆர்.என்.ஏ. எனும் பிரதிகளை வெளியிடும். ஆய்வாளர் ஈயின் மூளையை எடுத்து, நொதியங்களால் தளர்த்தி, கலங்களைத் தனித்தனியே பிரிப்பர். ஒவ்வொரு கலமும் எண்ணெய் சூழ்ந்த நுண்துளியொன்றில் அடைபடும். அங்கு அதன் பிரதிகள் யாவற்றுக்கும் அக்கலத்திற்கேயுரிய அடையாளம் இடப்படும். பின்னர் கணினி அவற்றை ஒப்பிட்டு, ஒத்தவற்றை ஒருங்கே சேர்க்கும். பெல்ஜியத்தின் லூவன் நகர ஆய்வாளர் 2018இல் இம்முறையால் 157,000 கலங்களை ஆராய்ந்தனர். ஈ மூப்படையும்போது கலங்களில் ஆர்.என்.ஏ.யின் அளவு பெரிதுங் குறைகிறது. ஆயினும் நரம்புக்கலம் தன் வகை அடையாளத்தை இழப்பதில்லை என்பது அவர்கள் கண்ட முடிபு.

இதற்கு ஓராண்டு முன்னர் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் மணத்தைக் கடத்தும் நரம்புக்கலங்களை ஆராய்ந்தோர் வேறொன்றைக் கண்டனர். நெருங்கிய உறவுடைய வகைகளுக்கிடையே பரம்பரையலகு வேறுபாடு மிகுந்திருப்பது, அவை தத்தம் இணைப்புகளைத் தேடும் இளம் பருவத்திலேயே. இணைப்பு முடிந்து ஈ முதிர்ந்தபின், அவ்வேறுபாடு பிரித்தறிய முடியாதவாறு மங்கிவிடுகிறது. அக்கலங்கள் ஒன்றாகிவிட்டனவா? இல்லை; அவை வெவ்வேறு இடங்களோடு இணைந்து வெவ்வேறு மணங்களையே கடத்துகின்றன. பிரதிகளின் பட்டியல் மட்டுமே அதனைக் காட்டத் தவறுகிறது.

இம்முறையின் ஆற்றலும் குறையும் ஒரே செயலிலிருந்து பிறப்பதை இங்கு கவனித்தல் வேண்டும். கலத்தை இனங்காண்பதற்காக அதனைப் பிரித்தெடுக்கும்போதே, அது இருந்த இடமும் அதன் தொடுப்புகளும் அழிந்துவிடுகின்றன. ஆதலாற்றான் வடிவையும் இணைப்பையும் கொண்டு 8,400க்கு மேற்பட்ட கலவகைகளைக் குறித்த 2024ஆம் ஆண்டின் படம் இன்றியமையாததாகிறது. இரு பட்டியல்களையும் ஒன்றோடொன்று பொருத்தும் பணி தொடர்கிறது.

கொழும்பில் வாழும் கலைப்பீட மாணவனுக்கு இவ்விடயம் அந்நியமானதன்று. 1983 யூலையில் இந்நகரத்தில் வாக்காளர் பட்டியல்களைக் கையிலேந்தித் தமிழர் வீடுகளைத் தேடிச் சென்றனர். பட்டியல் ஒவ்வொரு வீட்டையும் அயலிலிருந்து பிரித்து ஒரு பெயராகக் காட்டியது. அதே நாள்களிற் பல தமிழ்க் குடும்பங்களைத் தம் வீட்டினுள் ஒளித்துக் காத்த சிங்கள, முஸ்லிம் அயலவர் இருந்தனர். வேலிக்கு மேலாகக் கைமாறிய கறிக்கிண்ணமும் பிள்ளைகள் சேர்ந்து சென்ற பள்ளிக்கூடமும் எந்தப் பட்டியலிலும் இருக்கவில்லை. உயிரைக் காத்தவை அவையே. வகைப்படுத்தல் இன்றி அறிவு இல்லை. ஆயின் ஈயின் மூளையை ஆராய்வோர், தாம் வகுத்த வகையை அடுத்த சான்று வரும்வரை மட்டுமே நம்புகின்றனர்; இணைப்புகளைக் கண்டபின் பட்டியலைத் திருத்துகின்றனர். மனிதரைப் பற்றிய பட்டியல்களுக்கு அத்திருத்தம் இன்னும் வாய்க்கவில்லை.