ஆயா கேட்ட கேள்வி

குன்றத்தூர் முருகன் கோயில் படியை எங்க சித்தப்பா தினமும் காலைல ஏறி இறங்குவார். வயசு 46. டவுன் சிண்ட்ரோம். அடிவாரத்துப் பூக்கடைக்காரங்க எல்லாரும் அவருக்கு தோஸ்து. போன ஆடிக் கிருத்திகை அன்னிக்கு கீழ இறங்கினவர், வீட்டுக்கு வழி தெரியாம அங்கயே உக்காந்துட்டார்.

"கூட்டத்துல கொழம்பிட்டான்டா"ன்னு ஆயா சமாளிச்சாங்க. அப்புறம் சட்டையைத் திருப்பிப் போட ஆரம்பிச்சார். தைராய்டு, காது, கண்ணு எல்லாம் பார்த்த பிறகுதான் டாக்டர் விஷயத்துக்கு வந்தார். டவுன் சிண்ட்ரோம்ல 21ஆவது குரோமோசோம் ரெண்டுக்குப் பதிலா மூணு இருக்கும். அல்சைமர்ல மூளையில படியுற அமிலாய்டுக்கான மரபணுவும் அதே குரோமோசோம்லதான் இருக்கு. அதனால மத்தவங்களுக்கு எழுபதுல வர்ற மறதி, இவங்களுக்கு நாப்பது, அம்பதுலயே எட்டிப் பார்க்குமாம்.

1983ல அமெரிக்காவிலேயே இவங்களோட சராசரி ஆயுள் 25தான். இப்போ 60 கிட்ட. நல்ல சேதிதான். ஆனா அந்தக் கூடுதல் வருஷங்கள்ல யார் பார்த்துக்கறது?

ஆயாவுக்கு 78. அப்பா போய் நாலு வருஷமாச்சு. "எனக்கப்புறம் யாருடா?"ன்னு கேட்டாங்க. பொட்டி தட்டுற எனக்கு உடனே கூகிள்தான் ஞாபகம் வந்துச்சு :-)

தேடினப்பதான் தெரிஞ்சது, 18 வயசு தாண்டிட்டா பெத்தவங்ககூட தானா சட்டப்படி கார்டியன் கிடையாது. 1999ல வந்த நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி, கலெக்டர் தலைமையிலான கமிட்டிதான் நியமிக்கணும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவங்களுக்கு இது பொருந்தும். மாசாமாசம் வர்ற உதவித்தொகையை (2023ல 1500ல இருந்து 2000 ஆக்கினாங்க) எடுக்க மட்டும் கைநாட்டு வாங்கிட்டு இருந்தோம், இத்தனை வருஷமா இதைப் பத்தி யோசிக்கவே இல்ல.

விண்ணப்பத்துல கார்டியன் பேர் எழுதற இடத்துல பேனா நின்னுடுச்சு. ஆன்சைட் போற பேச்சு ஆபீஸ்ல ஓடிட்டு இருக்கு. ஆயா கவனிச்சுட்டாங்க.

"நீ போய்ட்டு வாடா. பேரு மட்டும் இருக்கட்டும்."

பேரு மட்டும் இருந்தா போதாது. ஆறு மாசத்துக்குள்ள அவரோட சொத்துப் பட்டியல் கொடுக்கணும், வருஷாவருஷம் கணக்கு காட்டணும். அதைவிட முக்கியம், தினமும் காலைல படியேற யாராவது கூடப் போகணும்.

என் பேரை எழுதிட்டேன். மேனேஜர்கிட்ட இன்னும் பேசலை. ஞாயித்துக்கிழமை நானும் கூட ஏறினேன். பாதிப் படியில என்னைத் திரும்பிப் பார்த்து, அப்பா பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். "வரேன்டா"ன்னேன்.