முதல் முறைக்கு சீலோம்

புதுச்சேரிக்கு முதல் தடவை வருகிற சொந்தக்காரர்கள் என்னிடம் கேட்பது, எங்கே ரூம் போடலாம் என்பதைத்தான். நான் தவளக்குப்பத்தில் இருப்பவன். எங்கள் பக்கத்தையே சொல்வேன் என்று எதிர்பார்ப்பார்கள். சொல்வதற்குக் காரணங்களும் உண்டு. வாடகை நகரத்தைவிடக் குறைவு. கார் நிறுத்த இடம் கிடைக்கும். நோணாங்குப்பம் படகுக் குழாம் பக்கத்திலேயே இருக்கிறது. காலையில் குளித்து, சிங்கிரிகுடி நரசிம்மரைச் சேவித்துவிட்டு வந்து டிபன் சாப்பிடலாம்.

ஆனாலும் சொல்வதில்லை. வருகிறவர் மனசில் இருப்பது காந்தி சிலையும் கடற்கரைச் சாலையும். கடலூர் சாலை வழியாக அது பத்து கிலோமீட்டருக்குள்தான் என்று போன் காட்டும். சனிக்கிழமை சாயங்காலம் அரியாங்குப்பத்திலும் முருங்கப்பாக்கத்திலும் மரப்பாலத்திலும் சென்னை, பெங்களூர் கார்களுக்கு நடுவில் நின்று பார்த்தவர்களுக்கு அந்தப் பத்து கிலோமீட்டரின் நிஜமான நீளம் தெரியும். போய்ச் சேர்ந்தாலும் மாலை ஆறு மணிக்கு மேல் கடற்கரைச் சாலைக்குள் வண்டியை விடமாட்டார்கள். மறுநாள் காலை ஏழரை வரை அது நடப்பவர்களுக்கு மட்டும். அந்த ஏற்பாட்டின் சுகமெல்லாம் பக்கத்துத் தெருவில் தங்கியவருக்குத்தான். ராத்திரி சாப்பிட்டுவிட்டு நடப்பார், வெயில் ஏறுமுன் எழுந்து இன்னொரு தடவை நடப்பார்.

"ஒரு ராத்திரியானாலும் டவுனுக்குள்ளேயே சின்ன ரூமா பாத்துக்குங்க" என்று சொல்லிவிடுவேன். எங்கள் பக்கம் விடுதி நடத்துகிறவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். இரண்டாம் முறை வருகிறவர்களை உங்களிடம்தான் அனுப்புகிறேன்.

பாங்காக் போவதென்று வீட்டில் முடிவானபோது, கேட்கிற இடத்துக்கு நான் வந்துவிட்டேன். "அங்க போய்ப் பாத்துக்கலாம்" என்பது நம்மவர்களின் பழைய வழி. அது இப்போது நடக்காது. 2025 மே முதல் தாய்லாந்துக்குப் போகிற வெளிநாட்டவர் வருகை அட்டையை முன்கூட்டியே இணையத்தில் நிரப்பியாக வேண்டும். அதில் தங்கும் இடத்தின் முகவரியும் கேட்கிறார்கள். ஆக, ஊரைப் பார்ப்பதற்கு முன்பே அந்த ஊரில் நமக்கொரு தெரு இருக்க வேண்டும்.

பெங்களூரில் வேலை பார்க்கும் மச்சினர் மகன்தான் தேடும் பொறுப்பை எடுத்துக்கொண்டான். முதலில் அனுப்பியதெல்லாம் பிரதுனாம் பக்கத்து ஓட்டல்கள். "நம்ம ஆளுங்க எல்லாரும் இங்கதான் மாமா தங்குறாங்க. கீழ எறங்குனா தோசை கெடைக்கும்." அவன் சொன்னது தப்பில்லை. பிரதுனாம் மொத்த விலைத் துணிச் சந்தை. பையோக் கோபுரத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் இந்தியச் சுற்றுலாக் கூட்டமும் இந்திய உணவகங்களும் நிறைந்திருக்கும். துணி வாங்கவே போகிற வியாபாரிக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் என் மனைவி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்: "தோசை சாப்பிடவா பிளேன் ஏறுறோம்?"

அடுத்தது சுகும்வித். நீண்ட பெரிய சாலை, அதற்கு மேலேயே ஓடும் ரயில், இரண்டு பக்கமும் எண் போட்ட சந்துகள். வடக்கே ஒற்றைப்படை, தெற்கே இரட்டைப்படை. இந்தச் சந்துகளைத் தாய்லாந்து மொழியில் சொய் என்கிறார்கள். நாம் சந்து என்றால் நாலு வீடு தள்ளி முடிகிறதை நினைப்போம். அங்கே ஒரு சொய் ஒரு கிலோமீட்டருக்கு மேலேகூடப் போகும். நடைபாதை இருந்தாலும் இருக்கும், இல்லாமலும் போகும். பல சந்துகளுக்கு மறுமுனையே கிடையாது. நெல்வயலும் கால்வாயுமாக இருந்த நிலத்தைத் துண்டு துண்டாக விற்று வீடு கட்டியபோது, அவரவர் நிலம் முடிந்த இடத்தில் பாதையும் நின்றுவிட்டது. அதனால் வரைபடத்தில் ரயில் நிலையத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற ஓட்டல், கால்நடையாக இருபது நிமிடம் சுற்றிப் போக வேண்டியதாக இருக்கலாம். ஆரஞ்சு உடுப்புப் போட்ட மோட்டார் சைக்கிள் டாக்சிக்காரர்கள் சந்து வாசல்களில் உட்கார்ந்திருப்பதற்குக் காரணமும் இதுதான். மூன்று பெட்டியும் வயதான அம்மாவுமாகப் போகிறவருக்கு அது வாகனமாகாது.

டூப்ளே ஆண்ட புதுச்சேரியில் வளர்ந்தவனுக்கு இது கொஞ்சம் புதிது. கோடு போட்டுப் பிரித்த தெருக்களில் வழி தவறினாலும் கிழக்கே போனால் கடல் வந்துவிடும் என்கிற தைரியத்திலேயே நாங்கள் நடந்து பழகியவர்கள்.

சுகும்வித்தில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். நானா, அசோக் நிலையங்களை ஒட்டிய சில சந்துகளில் இரவு வியாபாரம் வேறு விதமானது. குடும்பத்தோடு போகிறவர்கள் அறையின் படத்தைப் பார்த்தால் போதாது, சந்தின் எண்ணையும் பார்க்க வேண்டும்.

காவ்சான் சாலையை நான் விட்டுவிட்டேன். அரண்மனை பக்கம்தான், வாடகையும் மலிவு, ஆனால் முதுகுப்பை இளைஞர்களின் இரவுப் பாட்டு எங்கள் வயதுக்கு ஒத்துவராது. அதைவிடப் பெரிய குறை, நடக்கிற தூரத்தில் ரயில் நிலையம் கிடையாது. பாஹுரத் பக்கம் குருத்வாராவும் துணிக்கடைகளுமாகப் பார்க்க நன்றாக இருக்கும், பகலில் போய்வரலாம்.

நடுவில், அடுக்குமாடிக் குடியிருப்பில் வீட்டையே வாடகைக்குப் பிடித்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. சமையலறை உண்டு, ரசம் வைத்துக்கொள்ளலாம். நம் வீட்டுப் பெண்களுக்கு வெளியூரிலும் அடுப்படிதானா என்பது ஒருபுறமிருக்க, சட்டம் இடிக்கிறது. தாய்லாந்தின் 2004-ஆம் ஆண்டு ஓட்டல் சட்டப்படி முப்பது நாளுக்குக் குறைவாக நாள் வாடகைக்கு விடுவது ஓட்டல் தொழில் கணக்கில் வரும். பல குடியிருப்புகளின் முன்கூடத்திலேயே நாள் வாடகைக்கு இடமில்லை என்று அறிவிப்பு ஒட்டியிருப்பார்கள். காவலாளி கண்ணில் படாமல் பெட்டியை உருட்டிக்கொண்டு போய்த் தங்குவதற்கு விடுமுறை எதற்கு?

கடைசியில் நின்றது சீலோம். அதிலும் மேற்குப் பாதி. கிழக்கு முனையில் பாட்போங் என்கிற பெயர்பெற்ற இரவுச் சந்தை இருக்கிறது. அங்கிருந்து ஆற்றை நோக்கி நடந்து வர வர, சாலை குடும்பக்காரர் முகத்துக்கு மாறிவிடும். பான் சாலை வந்து சேரும் மூலையில் நம் ஊர்க் கோபுரம் ஒன்று நிற்கும். அதுதான் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில். 1870-களில் அங்கே குடியேறிய தமிழர்கள் எழுப்பியது. வைத்தி படையாச்சி என்பவரின் பெயரைச் சொல்கிறார்கள். படையாச்சி என்ற பெயரைக் கேட்டதும் எங்கள் பக்கத்தில் யாரும் நிமிர்ந்து உட்காருவார்கள். கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் அந்தப் பெயர் இல்லாத கிராமம் அபூர்வம். அவர் எந்த ஊரோ, எனக்குச் சொந்தம் கொண்டாட ஆசை வந்தது.

எங்கள் பக்கத்துப் பழைய குடும்பங்களில் கிழக்கே போன கதை என்றால் அது சைகோன் கதையாகத்தான் இருக்கும். பிரெஞ்சு ஆட்சியில் அங்கே சிப்பாயாகவும் குமாஸ்தாவாகவும் போனவர்கள் ஏராளம். அங்கும் ஒரு மாரியம்மன் கோயில் உண்டு. அன்று சயாம் எனப்பட்ட தாய்லாந்து பிரெஞ்சுக்காரன் கையிலும் இல்லை, இங்கிலீஷ்காரன் கையிலும் இல்லை. அங்கே போனவர்கள் அரசாங்க வேலையை நம்பாமல் வியாபாரத்தை நம்பிப் போனவர்கள். சீலோம் வட்டாரத்தில் மாட்டு வியாபாரம் செய்த தமிழர்கள் இருந்திருக்கிறார்கள். குடியேறிய இடத்தில் கோயில் கட்டி, அந்தக் கோயிலை அந்த ஊர்க்காரர்களே கும்பிடும்படி ஆக்கிவிட்டார்கள் என்பதுதான் பெரிய விஷயம். இன்றைக்கு அங்கே வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் தாய்லாந்துக்காரர்கள். தாமரையும் செவ்வந்தி மாலையும் இளநீரும் தட்டில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி நிற்கிறார்கள். நவராத்திரி முடிந்து விஜயதசமியன்று சாமி புறப்பாடு என்றால் சீலோம் சாலையே கோயிலாகிவிடும். வெள்ளை உடுத்திய கூட்டம் தெருவின் இரண்டு பக்கமும் படையல் மேடை போட்டுக் காத்திருக்கும்.

ஆனால் கோயிலுக்காக நான் சீலோமைத் தேர்ந்தெடுக்கவில்லை. சுராசக், செயின்ட் லூயிஸ், சோங் நொன்சி என்று மூன்று ரயில் நிலையங்கள் நடக்கிற தூரத்தில் இருக்கின்றன. சுராசக்கில் ஏறினால் அடுத்தது சபான் தக்சின். இறங்கினால் காலடியில் ஆறு, படகுத்துறை. சாவோ பிரயா ஆற்றில் விரைவுப் படகு ஏறி அரண்மனைக்கும், படுத்த புத்தர் இருக்கும் வாட் போவுக்கும் போக வேண்டியதுதான். சாலையில் வண்டிகள் உறைந்து நிற்கும் நேரத்திலும் ஆற்றுக்கு நெரிசல் கிடையாது. படகு இருட்டிய கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். ரயில் நள்ளிரவு வரை ஓடும். போவது படகில், திரும்புவது ரயிலில் என்று வைத்துக்கொண்டால் டாக்சிக்காரரிடம் மீட்டர் போடச் சொல்லி மன்றாட வேண்டியதில்லை. முதல் முறை போகிறவர் பார்க்க வேண்டியது இந்தத் திரும்பி வருகிற பாதையைத்தான். காலையில் எல்லாருக்கும் உற்சாகம் இருக்கும். எவ்வளவு தூரமானாலும் போய்விடலாம். ராத்திரி ஒன்பது மணிக்குக் கால் வலியோடு, பையில் வாங்கிய சாமானோடு, மொழி தெரியாத தெருவில் நிற்கும்போதுதான் ஓட்டல் எங்கே இருக்கிறது என்பது உறைக்கும்.

காலைச் சாப்பாடு இரண்டாவது கணக்கு. சீலோம் இருபதாம் சந்தில் காலைச் சந்தை கூடுகிறது. பழமும் வறுவலும் ஆவி பறக்கும் கஞ்சியும் தள்ளுவண்டிகளில் வந்துவிடும். எங்கள் வீட்டில் மனைவி சைவம். தாய்லாந்துச் சமையலில் மீன் சாறு இல்லாத குழம்பு அபூர்வம். காய்கறிதானே என்று நம்பிச் சாப்பிட முடியாது. மஞ்சள் துணியில் சிவப்பு எழுத்துள்ள சின்னக் கொடி தொங்கினால் அது ஜே சாப்பாடு: முட்டை கிடையாது, மீன் கிடையாது, வெங்காயம் பூண்டுகூடக் கிடையாது. கண்டிப்பில் நம் மடத்துச் சாப்பாட்டையும் மிஞ்சிவிடுவார்கள்.

விமான நேரமும் இதில் சேரும். சென்னையிலிருந்து இரவு ஏறினால் அங்கே விடியற்காலையில் இறக்கிவிடுவார்கள். நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடும் ஊர் அது. ஓட்டலில் அறை பெரும்பாலும் மதியம் இரண்டு மணிக்குத்தான். பெட்டியை வாங்கி வைத்துக்கொள்வார்கள், நம்மை வைத்துக்கொள்ள மாட்டார்கள். அந்த நேரத்தைக் கழிக்கப் பக்கத்திலேயே ஒரு சந்தையும் கோயிலும் ஆறும் இருப்பது சும்மா கிடைத்த வரம். சித்திரை முதல் தேதியை ஒட்டிப் போகிறவர்கள் மட்டும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏப்ரல் 13 முதல் 15 வரை அவர்களுக்கும் புத்தாண்டு, சொங்கிரான். தண்ணீர் பீய்ச்சி விளையாடும் முக்கியமான இடங்களில் சீலோம் சாலையும் ஒன்று. பட்டுப்புடவை உடுத்திக் கோயிலுக்குக் கிளம்பினால் நனையாமல் திரும்ப முடியாது.

இப்படிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, நமக்கு முன்னே போனவர்கள் எப்படி இடம் பார்த்தார்கள் என்ற யோசனை வந்தது. தவளக்குப்பத்திலிருந்து நகரத்துக்குப் போகிற வழியில்தான் அரிக்கமேடு. 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது ரோமானியத் தொடர்பு உறுதியானது. அதையே இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். மேற்கே போன கப்பலைப் பேசுகிற அளவு கிழக்கே போன கப்பலைப் பேசுவதில்லை. அரிக்கமேட்டில் கிடைத்த கண்ணாடி மணிகளுக்கு உறவான மணிகள் தெற்குத் தாய்லாந்தின் குலோங் தோமில் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. அங்கேயே தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த உரைகல் ஒன்றும் கிடைத்தது: பெரும்பதன் என்ற பொற்கொல்லனுடைய கல். ஊர் விட்டு ஊர் போன ஒருவன் தன் பெயரைக் கல்லில் வெட்டிக்கொண்டு பட்டறை போட்டிருக்கிறான்.

இன்னும் வடக்கே, மேற்குக் கடற்கரையில் தக்குவா பா. அங்கே கிடைத்த 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒரு குளத்தைப் பற்றியது. குளத்தின் பெயர் அவனிநாரணம். மூன்றாம் நந்திவர்மப் பல்லவனின் பட்டப்பெயர். காவல் பொறுப்பு மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவினர் முதலியோரிடம். அந்த வணிகர்கள் அந்நியக் கரையில் தங்க இடம் பார்த்தபோது முதலில் தண்ணீரைத்தான் பார்த்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. தண்ணீர் இல்லாத இடத்தில் குளம் வெட்டியிருக்கிறார்கள். பருவக்காற்று திரும்பும்வரை மாதக்கணக்கில் இருந்தாக வேண்டியவர்களுக்கு நம்மைப் போலத் தள்ளுபடி விலை பார்க்க நேரமேது?

"கடைசில கோயில் பக்கமே போட்டுட்டீங்களே மாமா" என்று மச்சினர் மகன் சிரித்தான். ரயிலுக்காக என்று நான் சொன்னதை அவன் நம்பவில்லை. அவன் அத்தையும் நம்பவில்லை.

போய்வந்த பிறகு என் முடிவு இதுதான். முதல் முறையாகக் குடும்பத்தோடு பாங்காக் போகிற தமிழருக்கு சீலோமின் மேற்குப் பாதி சரியான இடம். நிலையத்திலிருந்து நடந்து வருகிற தூரத்தில், பெரிய சாலைக்குப் பக்கத்தில், உரிமமுள்ள ஓட்டலாகப் பாருங்கள். வாடகையில் ஐந்நூறு அறுநூறு ரூபாய் மிச்சம் என்று தூரமாகப் போகாதீர்கள், அது இரண்டே டாக்சியில் கரைந்துவிடும். நான் மறுபடி போனால் ஆற்றுக்கு அந்தக் கரையில், தோன்புரியின் கால்வாய்ப் பக்கம் தங்குவேன். அதை உங்களுக்கு இப்போது சொல்ல மாட்டேன்.