குளிர்ந்த கடலிலிருந்து பழுப்பு ஆற்றுக்கு

தென் அமெரிக்காவுக்கு முதன்முறையாக இரண்டு வாரப் பயணம் திட்டமிடுவோர் ரியோ டி ஜெனீரோ, மாச்சு பிச்சு, இகுவாசு அருவி, படகோனியா என்று நான்கு திசைகளில் கிடக்கும் பெயர்களை ஒரே கயிற்றில் கோக்க முயல்வதும், அதனால் பதினான்கு நாள்களில் பாதியை விமான நிலையங்களில் இழப்பதும் வழக்கம். இந்தியாவைப் போல் ஐந்து மடங்குக்கும் அதிகமான பரப்புடைய அக்கண்டத்தில் ஒரு நெறியைத் தேர்ந்துகொண்டு அதற்குப் புறம்பானவற்றை மனமுவந்து விட்டுவிடுவதே முதற்பயணத்துக்கு உகந்தது. துறைமுக நகரங்களை மட்டும் தொட்டுச் செல்லும் வழி அத்தகையது: பெருவின் லிமா, சிலியின் வால்பரைசோ, அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸ், உருகுவேயின் மொன்டேவிடியோ. பசிபிக்கில் தொடங்கி அட்லாண்டிக்கின் விளிம்பில் முடியும் இவ்வழியில் நான்கு நாடுகளுக்கும் ஸ்பானிய மொழி ஒன்றே போதும். போர்த்துகீசிய மொழி பேசும் பிரேசிலைத் தனிப் பயணமாக ஒத்திவைப்பது அந்நாட்டுக்குச் செய்யும் மரியாதையும் ஆகும். லிமாவில் இறங்கி மொன்டேவிடியோவிலிருந்து புறப்படும்படி, சென்று சேரும் ஊரும் திரும்பும் ஊரும் வேறாக அமைந்த பயணச்சீட்டை எடுத்தால் வந்த வழியே திரும்பும் நாள்கள் மிச்சமாகும்.

எக்காலத்தில் செல்வது என்பதைக் கடலே தீர்மானிக்கிறது. சென்னை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 13 பாகையிலும் லிமா தெற்கே 12 பாகையிலும் இருப்பதால் இரண்டும் ஒத்த தட்பவெப்பம் கொண்டவை என்று எண்ணத் தோன்றும். உண்மையில் லிமாவின் ஆண்டு மழை 20 மில்லிமீட்டரைக்கூட எட்டுவதில்லை. 1802-இல் அக்கரையில் நீரின் வெப்பத்தை அளந்த ஜெர்மானிய அறிஞர் அலெக்சாண்டர் ஃபான் ஹம்போல்ட்டின் பெயரால் வழங்கும் குளிர் நீரோட்டம் தெற்கிலிருந்து கரையோரமாகப் பாய்கிறது. கரையை ஒட்டி வீசும் காற்றால் மேற்பரப்பு நீர் கடலுக்குள் விலக, ஆழத்துக் குளிர்நீர் மேலே வருகிறது. அந்நீரைத் தொட்டுக் குளிர்ந்த காற்று கீழேயும் வெப்பக் காற்று மேலேயும் நிற்கும்போது மேகம் உயர்ந்து மழையாக வழியில்லாமல் நகரின் மேல் சாம்பல் நிறக் கூரையாகக் கவிந்துவிடுகிறது. ஜூன் முதல் அக்டோபர் வரை அதிலிருந்து கசியும் நுண்தூறலை அந்நகரத்தார் ‘காருவா’ என்பர். ஆகவே லிமாவில் வெயில் எஞ்சியிருப்பதும், சிலியில் வறண்ட கோடை முடிவதும், புவெனஸ் அயர்ஸில் புழுக்கம் தணியத் தொடங்குவதும் ஒன்றுகூடும் மார்ச் மாதமே இப்பயணத்துக்கு ஏற்றது.

மழையின்மை லிமாவில் காணத்தக்க பொருளாகவே நிற்கிறது. மிராஃப்ளோரெஸ் பகுதியில், அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு நடுவே, சுடாத மண் கற்களைப் புத்தக அலமாரியில் நூல்களை நிறுத்துவதுபோல் செங்குத்தாக அடுக்கி எழுப்பிய ஹுவாக்கா புக்யானா என்னும் வழிபாட்டு மேடை, இன்காக்களுக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது. வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஊரில் அம்மண் இத்தனை காலம் தாங்கியிருக்காது. அதே குளிர்நீர் ஆழத்துச் சத்துகளையும் மேலே கொணர்வதால் நெத்திலி இன மீன்கள் உலகில் வேறெங்கும் காணாத அளவில் இக்கடலில் பெருகுகின்றன. சில ஆண்டுகளில் கிறிஸ்துமஸ் நாள்களை ஒட்டி வெந்நீர் வந்து மீன்வளம் குன்றுவதைக் கண்ட பெரு மீனவர், குழந்தை இயேசுவைக் குறிக்கும் ‘எல் நினோ’ என்ற பெயரை அதற்கு இட்டனர். தமிழகத்தின் பருவமழை பற்றிய செய்திகளிலும் அடிபடும் அச்சொல்லின் பிறப்பிடம் இக்கரைதான். பச்சை மீனை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்து வெங்காயமும் மிளகாயும் சேர்க்கும் ‘செவிச்சே’ பெரிதும் மதிய உணவாதலால், லிமாவின் நான்கு நாள்களில் நண்பகல்களைக் கடலோரத்துக்கு ஒதுக்குவது நலம்.

லிமாவிலிருந்து சிலியின் தலைநகர் சான்டியாகோவுக்குத் தரைவழி 3,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பாலைவனப் பாதையாகையால் விமானமே தக்கது. சான்டியாகோவுக்கு ஒரு நாள் போதும். பேருந்தில் இரண்டு மணி நேரத்துக்குள் எட்டக்கூடிய வால்பரைசோவுக்கு மூன்று நாள்கள் வேண்டும். கடலிலிருந்து எழும் நாற்பதுக்கும் மேற்பட்ட குன்றுகளில் வீடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கும் அந்நகரில், 1883 முதல் ‘அசென்சோர்’ எனப்படும் இழுவைப் பெட்டிகள் மக்களை ஏற்றி இறக்கி வருகின்றன. பழனி மலையின் விஞ்ச்சில் ஏறியவர்களுக்கு அது உடனே விளங்கும். தென்முனையைச் சுற்றி வந்த கப்பல்களால் செழித்த அத்துறைமுகம், 1914-இல் பனாமா கால்வாய் திறந்ததும் தளர்ந்தது. 2003-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட அதன் பழைய பகுதியில், அத்தளர்ச்சியின் வடுக்களை வண்ணச் சுவரோவியங்களுக்கு அருகிலேயே காணலாம். அழகை மட்டும் படமெடுத்துத் திரும்புவோர் நகரின் வரலாற்றில் பாதியைத் தவறவிடுகின்றனர்.

அடுத்து ஆண்டிஸைக் கடக்க வேண்டும். புவெனஸ் அயர்ஸுக்கு விமானத்தில் இரண்டு மணி நேரமே ஆனாலும், ஒரு பகலைச் செலவிட்டு அர்ஜென்டினாவின் மென்டோசாவுக்குப் பேருந்தில் சென்று அங்கிருந்து பறப்பதே சிறந்தது. கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, ஆசியாவுக்கு வெளியே உலகின் மிக உயர்ந்த சிகரமான 6,961 மீட்டர் அகோன்காகுவாவின் அருகே செல்லும் அப்பாதை குளிர்காலத்தில் பனியால் அடிக்கடி மூடப்படும் என்பதும் மார்ச் மாதத்துக்கு ஆதரவான இன்னொரு காரணம்.

இதற்குள் ஆவணங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நான்கு நாடுகளின் விசா விதிகளும் வேறு வேறு. அவை மாறுவதும் உண்டு என்பதால் பயணச்சீட்டுக்கு முன்பே தூதரகங்களில் உறுதிசெய்துகொள்ளல் வேண்டும். மஞ்சள் காய்ச்சல் அபாயமுள்ள நாடுகளாகக் கருதப்படும் பெரு, அர்ஜென்டினா போன்றவற்றிலிருந்து இந்தியா திரும்புவோர் தடுப்பூசிச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். ஊசி போட்ட பத்து நாள்களுக்குப் பின்னரே அது செல்லுபடியாகும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் இது போடப்படுகிறது.

புவெனஸ் அயர்ஸின் மக்கள் தம்மைத் ‘துறைமுகத்தார்’ என்று பொருள்படும் ‘போர்தென்யோ’ என்ற சொல்லால் அழைத்துக்கொள்கின்றனர். 1908-இல் திறந்த கொலோன் இசையரங்கும், 1913-இல் ஓடத் தொடங்கி லத்தீன் அமெரிக்காவின் முதல் சுரங்க ரயிலான ‘சுப்தே’யும், இத்தாலியிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் குடியேறியோர் திரண்ட காலத்தின் செல்வச் சாட்சிகள். அங்கு இரவு உணவு ஒன்பது மணிக்குப் பின்னரே தொடங்கும் என்பதை அறியாத பயணிகள் காலியான உணவகங்களைக் கண்டு குழம்புவர்.

நகரின் முன் விரிவது கடலன்று, லா பிளாட்டா என்னும் ஆறு. முகத்துவாரத்தில் சுமார் 220 கிலோமீட்டர் அகன்று, பரானா ஆறு கொணரும் வண்டலால் பழுப்பாகத் தோன்றுவது. மூன்று நாள்களுக்குப் பின் படகில் அதைக் கடந்து, போர்த்துகீசியர் 1680-இல் நிறுவிய கொலோனியா டெல் சாக்ரமென்டோவின் கற்பாவிய தெருக்களில் அரைநாள் நடந்து, பேருந்தில் மொன்டேவிடியோ சேர்வது முறை. அங்கே 20 கிலோமீட்டருக்கு மேல் நீளும் ‘ரம்ப்லா’ என்ற கரையோரச் சாலையில், ஒரு கையில் வெந்நீர்க் குடுவையும் மறுகையில் ‘மாத்தே’ இலைக் கசாயக் குவளையுமாக மாலைகளில் நகரமே உலாவுகிறது. ஆற்றின் வண்டலும் அட்லாண்டிக்கின் உப்பும் கலக்கும் அந்நீர், காற்றடிக்கும் திசைக்கேற்ப ஒரு நாள் பழுப்பாகவும் மறுநாள் பச்சையாகவும் கிடக்கும். கடைசி இரண்டு நாள்களை அங்கே வேறு எதற்கும் ஒதுக்க வேண்டியதில்லை.