பேய் காரணம் சொன்னால்

பேய்ப்படங்களை விடாமல் பார்க்கும் வழக்கம் எனக்குண்டு. பெரும்பாலானவற்றில் இடைவேளை வரைதான் பயம் நீடிக்கிறது. அதன்பின் பேய்க்கொரு முன்கதை, அதிலோர் அநீதி, இறுதியில் பழிவாங்கல். பரிதாபத்துக்குரிய பேயிடம் எப்படி அஞ்சுவது? 'காஞ்சனா'வுக்குப் (2011) பிறகு சிரிக்கவும் பழகிக்கொண்டோம்.

அண்மையில் அறிவழகனின் 'ஈரம்' (2009) படத்தை மீண்டும் பார்த்தேன். அதில் ஆவி தண்ணீராகவே வருகிறது. கசியும் நீர், பரவும் ஈரம், அவ்வளவுதான். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவனுக்கு இது வேறுவிதமாக உறைக்கிறது. ஆடிப்பெருக்கன்று அம்மா மண்டபத்தில் காதோலை கருகமணி இட்டு வணங்கும் அதே ஆறுதான் சுழலில் ஆளை இழுத்துக்கொள்வதும். யாரும் அதனிடம் காரணம் கேட்பதில்லை. படத்திலோ காரணம் தெரிந்ததும் தண்ணீர் வெறும் ஆயுதமாகிவிடுகிறது.

ராகுல் சதாசிவனின் மலையாளப் படமான 'பிரமயுகம்' (2024) இந்தத் தவறைச் செய்யவில்லை. கறுப்பு வெள்ளையில் ஒரு பாழடைந்த மனை. வழிதவறி வரும் பாணன். சோறிட்டு வரவேற்கும் மம்மூட்டி. சாத்தனைவிட, அந்த விருந்தோம்பலிலிருந்து வெளியேறவே முடியாது என்பதுதான் அச்சமூட்டுகிறது. அதிகாரம் ஆள் மாறுகிறதே தவிர அழிவதில்லை.

முடிச்சை அவிழ்க்காமல் விடுவது தமிழுக்குப் புதிதல்ல. இதே ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த சுஜாதா, 'கொலையுதிர் காலம்' நாவலில் ஆவியா, அறிவியலா என்ற கேள்வியை முழுவதுமாக மூடவில்லை. அந்தத் திறந்த கதவைத்தான் நம் இயக்குநர்கள் இடைவேளைக்குப் பின் தாழிட்டுவிடுகிறார்கள்.