பின்வாசல் ரசிகன்

என் அறை நண்பனுக்கும் எனக்கும் இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. காரணம் வாடகை பாக்கி இல்லை, பாத்ரூம் தகராறும் இல்லை. லெட் ஸெப்பலின்.

நண்பன் வங்கியில் வேலை பார்க்கிறான். சாயந்திரம் வந்து ஹெட்ஃபோனை மாட்டினால் கோல்ட்ரேன், மிங்கஸ் என்று வேறு உலகத்துக்குப் போய்விடுவான். சனிக்கிழமை ராத்திரிகளில் எங்களுக்கு ஒரு விளையாட்டு. பழைய ஜாஸ் விழாக்களின் பட்டியலைத் தேடி எடுத்து, யார் வாசித்தார்கள், எந்த மாதிரிக் கூட்டம் வந்தது என்று ஒப்பிடுவது. மற்றவர்கள் ஐ.பி.எல். டீம்களை வைத்து அடித்துக்கொள்வதில்லையா, அந்த மாதிரி. (இரண்டு பேருக்கும் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா என்ன?)

அவன் கட்சி ஒரே வரி. "லைன்-அப் சுத்தமா இருந்தா கூட்டமும் சுத்தமா இருக்கும்டா."

அதற்கு அவன் கூப்பிடும் சாட்சி நியூபோர்ட். அமெரிக்காவில், ரோட் ஐலண்ட் கடலோரத்தில் பணக்காரர்கள் கோடையைக் கழிக்கும் ஊர். 1954-ல் ஜார்ஜ் வீன் என்கிற பியானோக்காரர் அங்கே நடத்திய முதல் விழாவில் பில்லி ஹாலிடே, எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட், டிஸ்ஸி கில்லெஸ்பி. 1958-ம் வருஷ விழாவைப் படமாகவே எடுத்திருக்கிறார்கள். அனிதா ஓ'டே பெரிய தொப்பியும் வெள்ளைக் கையுறையுமாக வந்து பாட, ஜனங்கள் கல்யாணத்துக்கு வந்த மாதிரி உட்கார்ந்து கேட்கிறார்கள்.

பதினோரு வருஷம் கழித்து, 1969-ல், அதே விழாவில் லெட் ஸெப்பலின், ஜெத்ரோ டல், ஃப்ராங்க் ஜப்பா. பையன்கள் வெள்ளமாக வந்தார்கள். வேலி போச்சு.

"பாத்தியா? உன்ன மாதிரி ஆளுங்களாலதான் கெட்டுச்சு" என்றான்.

சுருக்கென்றது. ஏனென்றால் உண்மை. நான் ஜாஸுக்குள் வந்ததே ராக் வழியாகத்தான். பி.காம். படிக்கும்போது கடன் வாங்கின கிடாரில் 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' வாசிக்கப் பழகினேன். (பக்கத்து வீட்டு மாமா கதவைத் தட்டும்வரை.) 1971 டிசம்பரில் ஸ்விட்சர்லாந்தின் மான்த்ரோ ஊரில் ஜப்பா கச்சேரி. கூட்டத்தில் எவனோ ஃப்ளேர் துப்பாக்கியால் சுட, கேஸினோ முழுக்க எரிந்து போனது. ரெக்கார்டிங்குக்காக வந்திருந்த டீப் பர்ப்பிள் ஏரி மேல் பரவிய புகையைப் பார்த்துக் கட்டின பாட்டு அது. தீயிலிருந்து பையன்களை வெளியே இழுத்துப் போட்டவர் க்ளாட் நோப்ஸ். யார் இந்த ஆள் என்று தேடினால், 1967-ல் மான்த்ரோ ஜாஸ் விழாவை ஆரம்பித்தவர்களில் ஒருவர்! அந்த நூலைப் பிடித்துப் போனதில் 1976 மான்த்ரோவில் 'ஷக்தி' வாசித்தது கிடைத்தது. ஜான் மெக்லாஃப்லினுடன் எல்.ஷங்கர் வயலின், ஜாகிர் ஹுசேன் தபலா, நம்ம விக்கு விநாயக்ராம் கடம். ஜாஸ் விழாவில் கடம், சார்! அங்கிருந்து மைல்ஸ் டேவிஸ் இரண்டு தெரு தள்ளித்தான்.

ஆக, நான் பின்வாசல் கேஸ். அதை ஒருத்தன் சொல்லிக்காட்டினால் வலிக்காதா?

பேசாமல் இருந்த இரண்டு நாளும் எதிர்சாட்சி தேடினேன். கிடைத்தது.

1956 நியூபோர்ட். ட்யூக் எலிங்டன். இதைவிடச் சுத்தம் கிடையாது. பால் கான்ஸால்வஸ் டெனர் சாக்ஸில் இருபத்தேழு ஆவர்த்தனம் மூச்சுவிடாமல் வாசிக்க, ஒரு பெண் எழுந்து ஆட ஆரம்பித்தாள். ஜனங்கள் நாற்காலி மேல் ஏறிவிட்டார்கள். கலாட்டா ஆகிவிடுமோ என்று பயந்து, 'போதும்' என்று வீன் சைகை காட்ட வேண்டியதாயிற்று.

1960. ரே சார்ல்ஸ், மடி வாட்டர்ஸ், கேனன்பால் அடர்லி. ராக் குழு எதுவும் இல்லை. டிக்கெட் தீர்ந்து போய், பீரும் கையுமாக வெளியே நின்ற ஆயிரக்கணக்கான மாணவர்கள் பாட்டில் வீச, கண்ணீர்ப்புகை, நேஷனல் கார்டு. விழாவைப் பாதியில் நிறுத்தினார்கள்.

1971-ல் உச்சம். உலகத்துக்கு இப்போது தேவை அன்புதான் என்று டியோன் வார்விக் பாடிக்கொண்டிருக்க, வெளியே இருந்த கூட்டம் வேலியைச் சாய்த்து மேடையேறிக் கண்டதை உடைத்தது. அடுத்த வருஷம் விழாவே நியூயார்க்குக்குப் போய்விட்டது.

1960-லும் 1971-லும் உடைத்தவன் உள்ளே உட்கார்ந்து கேட்டவன் இல்லை. வெளியே நின்றவன். யார் வர ஆசைப்படுவார்கள் என்பதை லைன்-அப் சொல்லும். எத்தனை பேருக்கு இடம் இல்லை என்பதைச் சொல்லாது.

நியூ ஆர்லியன்ஸில் 1970-ல் ஆரம்பித்த விழாவுக்கு முதல் வருஷம் வந்தவர்கள் சுமார் 350 பேர். 2001-ல் ஆறு லட்சத்துக்கும் மேல். 2024-ல் ரோலிங் ஸ்டோன்ஸே வந்து வாசித்தார்கள். அதே மைதானத்தில் 'எகானமி ஹால்' என்று ஒரு கூடாரம். அதில் பழைய நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் மட்டும். சின்னக் குடைகளைத் தூக்கிக்கொண்டு ஊர்வலமாக ஆடுவார்கள். பெரிய மேடைக் கூட்டம் கொடுக்கிற காசு இந்தக் கூடாரத்துக்கும் முட்டுக் கொடுக்கிறது என்பது என் காமர்ஸ் புத்தி.

அதற்காக நண்பன் சொல்வதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒருத்தர் கண்ணை மூடி பாஸ் வாசிக்கும்போது பின்னாலிருந்து எவனாவது விசிலடித்தால் எனக்கும் கை பரபரக்கும்.

மூன்றாம் நாள் ராத்திரி டீயோடு போய் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டுக் கேட்டான். பதில் இல்லை.

"சரிடா, நீ முதல்ல எதைக் கேட்டு இதுக்குள்ள வந்தே?"

ரொம்ப நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். "பிங்க் பேந்தர்."

"அந்த கார்ட்டூனா?"

"அதுல சாக்ஸ் வாசிச்சது பிளாஸ் ஜான்சன். தெரிஞ்சுக்கோ" என்று சொல்லிவிட்டு, ஹெட்ஃபோனை மறுபடி மாட்டிக்கொண்டான்.