கொண்டி போட்ட கதவு

எங்கள் வீட்டு அடுக்களைக் கதவுக்கு உள்பக்கம் ஒரு கொண்டி உண்டு. வருஷம் முழுக்க அது சும்மா தொங்கிக்கிடக்கும். 11 பேர் புழங்குகிற வீட்டில் அடுக்களையை யார் அடைத்துப் போடுவார்கள்? ஆடி, தை, மாசி மாதங்களில் செவ்வாய்க்கிழமை ராத்திரி மட்டும் அம்மை அதை இழுத்து மாட்டுவாள். இரும்பில் இரும்பு விழுகிற அந்தச் சத்தம் ஐம்பது வருஷம் கழித்தும் காதுக்குள் இருக்கிறது.

நாஞ்சில் நாட்டில் தாழக்குடிக்குப் பக்கத்து ஊர் எங்களுடையது. ஔவையார் நோன்பு என்றால் எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆண்கள் உறங்கிய பிறகு பெண்கள் ஒரு வீட்டில் கூடுவார்கள். பச்சரிசியை இடித்து, உப்பில்லாமல் கொழுக்கட்டை அவித்து, ஔவைக்குப் படைத்துவிட்டுக் கதை கேட்பார்கள். படைத்ததை விடிவதற்குள் அவர்களே தின்று தீர்க்க வேண்டும், மிஞ்சினால் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். ஆண் கண்ணில் எதுவும் படக்கூடாது. கைக்குழந்தை என்றாலும் ஆண் என்றால் உள்ளே இடமில்லை. ‘அசந்தா ஆடி, தட்டுனா தை, மறந்தா மாசி’ என்று ஆச்சி சொல்வாள். ஒரு மாதம் தவறினால் அடுத்த மாதம் பிடித்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். மூன்று மாதமும் சேர்ந்தால் பன்னிரண்டு, பதிமூன்று செவ்வாய் வரும். எப்படிப்பட்ட வீட்டுக்காரிக்கும் அதில் ஒன்றாவது கிடைத்துவிடாதா? எவள் யோசித்து வைத்தாளோ, அவளுக்குப் பெண்களின் நாட்கள் எப்படிப் போகும் என்று தெரிந்திருக்கிறது.

அம்மையின் நாள் கோழி கூவுவதற்கு முன்பே தொடங்கிவிடும். வாசல் தெளிப்பு, தொழுவம், பால், சாயா, அதற்குள் பாட்டாவுக்கு வெந்நீர். ஆடியில் கன்னிப்பூ வயலுக்குக் களை பறிக்கப் போகிறவர்களுக்குக் கஞ்சி கொண்டுபோக வேண்டும். மாசியில் கும்பப்பூ அறுவடை. நெல் வந்து முற்றத்தில் குவிந்துவிட்டால் அவிப்பதும் காயப்போடுவதுமாக அவளுக்கு ராத்திரி எது பகல் எது என்று தெரியாது. சாப்பிடுவது கடைசியில்தான், அதுவும் அடிப்பிடித்த சோறு. சாயங்காலமானால் மண்டையிடி வந்துவிடும். நெற்றியில் அமிர்தாஞ்சனைத் தேய்த்து, பழைய வேட்டிக் கிழிசலால் இறுக்கிக் கட்டிக்கொண்டு அம்மியில் அரைப்பாள். அந்தக் கட்டு இல்லாத அம்மை முகம் எனக்கு அபூர்வம்.

எனக்கு எட்டு வயசானபோது, 1974-ல், முதல் தடவையாக என்னை உள்ளே சேர்த்தார்கள். அன்றைக்கு அந்தி சாயும்போதே வீட்டுக்குள் ஒரு பரபரப்பு. ஆண்களுக்குச் சீக்கிரமே சோறு போட்டு, படிப்புரையில் பாய் விரித்தாயிற்று. சித்தி என் காதில், “உறங்கிராத, பிள்ளே” என்றாள். பத்தரை மணி இருக்கும், பக்கத்து வளவுகளிலிருந்து ஒவ்வொருத்தராகப் பின்வாசல் வழியே வந்தார்கள். யார் கையிலும் விளக்கு இல்லை. பெரியம்மை, மைனி, எதிர்வீட்டு ஆச்சி. கடைசியாக வந்தவள் கதவைச் சாத்த, அம்மை கொண்டியை மாட்டினாள்.

உலக்கைச் சத்தம் தெருவுக்கே கேட்கும். ஒருத்தர்கூட என்னவென்று கேட்டு வரமாட்டார்கள். பாட்டா முழித்துக்கொண்டால்கூடக் கண்ணை இறுக்க மூடிக்கொள்வாராம்.

மாவு பிசைந்துகொண்டிருந்தபோதுதான் தம்பி அழத் தொடங்கினான். அவனுக்கு அப்போது இரண்டரை வயசு. அம்மை மேலே கால் போடாமல் உறங்கமாட்டான். முதலில் சிணுங்கல், அப்புறம் ‘அம்மே, அம்மே’ என்று வீறிட்ட அழுகை. கதவு வரைக்கும் வந்து கையால் தட்டினான். அம்மையின் கை மாவுக்குள் அப்படியே நின்றுவிட்டது. நான் எழுந்தேன். ஆச்சி என் பாவாடையைப் பிடித்து உட்காரவைத்தாள். “அழட்டும். அப்பனுக்கும் பிள்ளைதானே அவன்” என்றாள். அம்மையின் மாமியார் அவள். மற்ற நாளில் பிள்ளை சிணுங்கினாலே அம்மையைத்தான் ஏசுவாள்.

வெளியே அப்பா எழுந்து வருகிற காலடி கேட்டது. இரும்பு வாளி ஒன்று உருண்டது. அப்புறம் அப்பா பாடினார். தாலாட்டா, எதுவோ ஒன்று, ராகமே இல்லாமல். அப்பா பாடி நான் அதற்குமுன் கேட்டதில்லை, பிறகும் கேட்டதில்லை. அழுகை விம்மலாகி, விம்மல் மூச்சாகி அடங்கியது. மாவுக்குள் நின்ற கை மறுபடி அசைந்தது.

அம்மை கல்மனசுக்காரி என்று அன்று எனக்குக் கோபம். எனக்கு மகன் பிறந்து, வங்கி வேலைக்கும் போய்க்கொண்டு, அவன் அழுகையைக் கேட்டு ஓடி ஓடிக் களைத்த பிறகுதான், அந்தக் கை எத்தனை பாரத்தைத் தாங்கி நின்றது என்று தெரிந்தது.

கொழுக்கட்டைகளின் வடிவங்களை நான் சொல்லக்கூடாது. கதையையும் சொல்லக்கூடாது. சாப்பிட்டதைச் சொல்லலாம். இட்லிக் கொப்பரையிலிருந்து ஆவியோடு எடுத்த முதல் கொழுக்கட்டையை எதிர்வீட்டு ஆச்சி அம்மை கையில்தான் வைத்தாள். உப்பில்லாத மாவும் தேங்காய்ப் பல்லும் எனக்குப் பிடிக்கவில்லை. அம்மை கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். சூடாக, முதல் ஆளாக அவள் சாப்பிட்டு நான் பார்த்தது அங்கேதான். சித்தி அவள் பாதங்களை மடியில் எடுத்துவைத்து, வெடித்த குதிகாலில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். சோறு தாமதமானால் பாட்டா எப்படித் தொண்டையைச் செருமுவார் என்று அம்மை செய்து காட்டினாள். வாயைப் பொத்திக்கொண்டு முதலில் சிரித்தவள் ஆச்சிதான். மிஞ்சியதையும் இலையையும் விடிவதற்கு முன் வாய்க்காலில் விட்டுவிட்டுத் திரும்பும்போது அம்மை என் கையைப் பிடித்திருந்தாள். நெற்றியில் கட்டு இல்லை. புதன்கிழமை வேலை ஒன்றும் குறைந்துவிடவில்லை. ஆனால் அன்று அவள் மண்டையிடி என்று சொல்லிக் கேட்ட ஞாபகம் எனக்கில்லை.

எண்பதுகளின் கடைசியில் வீட்டுக்குத் தொலைக்காட்சி வந்தது. ஆண்கள் பதினொரு மணி வரை முழித்திருந்தார்கள். சித்தி சென்னைக்குப் போனாள். ஆச்சி போய்ச் சேர்ந்தாள். ஆடிச் செவ்வாயில் தாழக்குடிப் பக்கம் ஔவையாரம்மன் கோயிலில் கொழுக்கட்டை அவிக்க இன்னும் கூட்டம் போகிறது. எங்கள் அடுக்களைக் கொண்டி துருப்பிடித்துவிட்டது.

சில வருஷங்களுக்கு முன் எங்கள் அலுவலகத்தில் மகளிர் தினக் கூட்டம். தினமும் அரைமணி நேரம் உங்களுக்கென்று ஒதுக்குங்கள் என்று பேச வந்தவர் சொன்னார். பக்கத்திலிருந்த தோழி மெல்ல, “யார்கிட்ட கேட்டு?” என்றாள். அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை. எங்கள் ஆச்சிகள் யாரிடமும் கேட்கவில்லை. ஓய்வு வேண்டும் என்று கேட்டிருந்தால் ஒருவரும் கொடுத்திருக்க மாட்டார்கள். நோன்பு என்றார்கள், பாட்டாவே கண்ணை மூடிக்கொண்டார்.

போன ஆடியில் ஒரு செவ்வாய் ராத்திரி அம்மைக்கு போன் செய்தேன். கதையில் நடுவில் ஒரு இடம் எனக்கு மறந்துபோயிருந்தது.

“பக்கத்துல ஆரு இருக்கா?” என்றாள்.

“அவங்க இருக்காங்க, டிவி பாத்துக்கிட்டு.”

“அப்பம் பொறவு சொல்லுகேன்.” வைத்துவிட்டாள்.

நான் மொட்டைமாடிக்குப் போனேன். கதவை வெளிப்பக்கமாகத் தாழிட்டுவிட்டு மறுபடி அழைத்தேன்.