மீட்டர் முள்ளும் ஒரு பிடி வெளிச்சமும்

2024இல் பென்டாக்ஸ் '17' என்ற பெயரில் புதிய பிலிம் கேமரா ஒன்றைக் கொண்டுவந்தபோது, அது அரை பிரேம் கேமராவாக இருந்ததைப் பலரும் வெறும் சிக்கனமாகவே எடுத்துக்கொண்டார்கள். பிலிம் விலை ஏறிவிட்டது, 36 படம் விழும் ரோலில் 72 எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான் என்று பேச்சு. டோக்கியோவில் ஷின்ஜுகு, நகானோ பக்கத்துப் பழைய கேமராக் கடைகளில் இன்றும் 1960களின் அரை பிரேம் கேமராக்கள் அடுக்கிக் கிடக்கின்றன. பழுது பார்க்கிறவர்களின் மேசைக்கு அவை வந்துகொண்டே இருக்கின்றன. அங்கே ஒன்றைப் பிரித்து வைத்துப் பார்த்தால் இந்தச் சிக்கன விளக்கம் போதாது என்று தெரியும். படத்தின் அளவைக் குறைத்ததால் கேமராவுக்குள் வேறு பல வேலைகளே இல்லாமல் போயின. அப்படி மிஞ்சிய காசு லென்ஸுக்குப் போனது. என் வாதம் இதுதான்.

35 மி.மீ. பிலிம் சினிமாவுக்காக வந்தது. மேலிருந்து கீழே ஓடும் அந்தச் சுருளில் ஒரு பிரேமுக்கு ஓரத்தில் நான்கு துளை. அளவு ஏறக்குறைய 18க்கு 24 மி.மீ. லைக்காவை உருவாக்கிய ஆஸ்கர் பார்னாக் அதை எட்டுத் துளை அகலத்துக்கு இரட்டிப்பாக்கி, 24க்கு 36 என்று வைத்தார். அரை பிரேம் மறுபடியும் நான்கு துளைக்கே போனது. சாதாரண கேமராவில் பிலிம் படுக்கையாக ஓடுவதால், இதில் படம் நின்ற வாக்கில் விழும். 1959இல் வெளிவந்த ஒலிம்பஸ் பென்தான் இந்த அளவை ஜப்பானிய வீடுகளுக்குள் கொண்டுபோனது. அதை வடிவமைத்த யோஷிஹிசா மைத்தானிக்கு அப்போது வயது இருபதுகளில். அவர் வைத்துக்கொண்ட இலக்கு 6,000 யென். அன்று ஒலிம்பஸின் விலை குறைந்த கேமராவே 23,000 யென். ஆனாலும் லென்ஸில் மட்டும் கை வைக்கக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தார். நான்கு கண்ணாடிகள் கொண்ட 28 மி.மீ. லென்ஸிலேயே பணத்தின் பெரும்பகுதி கரைந்தது. அதை ஈடுகட்ட, பிலிமை நகர்த்தும் நெம்புகோலை எடுத்துவிட்டுப் பின்பக்கத்தில் கட்டைவிரலால் உருட்டும் பல்சக்கரத்தை வைத்தார். ஒலிம்பஸின் சொந்தத் தொழிற்சாலை இதைத் தயாரிக்க மறுத்ததால், ஆரம்பத்தில் வெளி நிறுவனம் ஒன்றுதான் செய்து கொடுத்தது. பிறகு பென் வரிசை மொத்தமாக 1 கோடியே 70 லட்சத்துக்கும் மேல் விற்றது.

சின்ன பிரேமுக்குச் சின்ன குவியத் தூரமுள்ள லென்ஸ் போதும். குவியத் தூரம் குறைந்தால் முன்னும் பின்னும் தெளிவாக விழும் ஆழம் கூடும். ஆழம் கூடினால் தூரத்தைத் திருப்பி வைக்கும் வேலையே வேண்டாம். 1961இன் பென் ஈஈ இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி. அதில் போகஸ் கிடையாது. முதல் மாதிரியில் ஷட்டர் வேகமும் ஒன்றே ஒன்று. பேட்டரியும் கிடையாது. லென்ஸைச் சுற்றிக் குமிழ் குமிழாகத் தெரியும் வளையத்துக்குப் பின்னால் செலினியம் செல் இருக்கிறது. வெளிச்சம் பட்டால் அதில் துளி மின்சாரம் பிறந்து, மயிரிழை போன்ற ஒரு முள்ளை நகர்த்துகிறது. பொத்தானை அழுத்தும்போது படிக்கட்டுப் போன்ற ஒரு தகடு எழும்பி, முள் நின்ற இடத்திலேயே அதைக் கவ்விக்கொள்ளும். எந்தப் படியில் முள் சிக்கியதோ அந்த அளவுக்கு லென்ஸின் துளை திறக்கும். வெளிச்சம் போதாமல் முள் அசையாவிட்டால் பார்வைக் கண்ணாடிக்குள் சிவப்புத் தகடு ஒன்று எட்டிப் பார்க்கும், பொத்தான் இறங்காது. இவ்வளவு யோசனையும் ஒரு முள்ளை நம்பியிருக்கிறது.  

பாதிப் பரப்பில் விழுந்த படம் பாதித் தரம்தானே என்பது பழைய ஆட்சேபம். பரப்பு பாதி என்பது உண்மை: 864 சதுர மி.மீ. இங்கே 432. ஆனால் ஒரே அளவு பிரிண்ட் போட ஏறக்குறைய 1.4 மடங்குதான் கூடுதலாகப் பெரிதாக்க வேண்டும், இரண்டு மடங்கு அல்ல. குடும்ப ஆல்பத்துக்கான சிறிய பிரிண்டில் அந்த வித்தியாசம் கண்ணுக்குப் படாது. சுவரில் மாட்டும் அளவில் படும், அதை மறுக்க முடியாது. எதிர்ப்பக்கத்தில் வைக்க 1963இன் பென் எஃப் இருக்கிறது. மைத்தானி அதில் துணித் திரைக்குப் பதிலாகச் சுழலும் டைட்டானியத் தகட்டை ஷட்டராக்கினார். எந்த வேகத்திலும், நொடியில் 500இல் ஒரு பங்கிலும்கூட, பிளாஷ் ஒத்துழைத்தது. அன்றைய முழு பிரேம் எஸ்எல்ஆர்களின் திரை ஷட்டர்களால் அது முடியவில்லை. பிரேம் சின்னதாக இருந்ததால்தான் அந்தத் தகடு கேமராவுக்குள் அடங்கியது. 72 படம் முடியக் காத்திருந்தே சலித்துவிடுகிறது என்ற புகாருக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை.

காசைப் பார்த்து வெட்டிய கேமரா நீடிக்காது என்பார்கள். பழுது பார்க்கிறவர்களின் மேசை வேறு சொல்கிறது. அங்கே வருவன பெரும்பாலும் இறுகிய எண்ணெய், பசையாக உருகிய ஸ்பாஞ்சுப் பட்டை, சோர்ந்துபோன செலினியம். எண்ணெயைக் கழுவலாம், பட்டையை மாற்றலாம். செலினியத்துக்கு வேறொரு செத்த பென்னிலிருந்து எடுத்துத்தான் ஆக வேண்டும். கோடிக்கு மேல் விற்றதால் இன்னும் கிடைக்கிறது. ஆள்தான் கிடைப்பதில்லை. விலையுயர்ந்த கேமராவைத் திறக்க என்ன நேரமும் பொறுமையும் வேண்டுமோ அதே அளவு இதற்கும் வேண்டும். ஆனால் கேமராவின் விலையைத் தாண்டிக் கூலி கொடுக்க யாருக்கும் மனம் வருவதில்லை. இடையில் லாபம் பார்க்கிறவர்கள் வேறு: கடைகளில் உத்தரவாதமில்லாமல் 'ஜங்க்' பெட்டியில் கிடப்பதை அள்ளி, துடைத்து, 'புதிது போல' என்று எழுதி வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். முள் அசைகிறதா என்று ஜன்னலோரம் பிடித்துக்கூடப் பார்ப்பதில்லை. அதை வாங்கி ஏமாந்தவர் மேசைக்கு வரும்போது பழுதுக்குக் கொடுக்க வேண்டிய பணம் ஏற்கெனவே கைமாறிவிட்டிருக்கும். பழைய பொருள் மீதான இந்தப் புதுக் காதலில் கைவேலைக்காரருக்குச் சேரும் பங்கு மிகச் சொற்பம்.

பென்டாக்ஸ்காரர்கள் இதில் ஒன்றைச் சரியாகச் செய்தார்கள். பிலிமைக் கையால் நகர்த்தும் நெம்புகோலைப் புதிதாக உருவாக்க, ஓய்வுபெற்ற தங்கள் பழைய பொறியாளர்களிடம் போய்க் கேட்டார்கள். நெம்புகோல் கையால் இயங்குகிறது. ஷட்டரோ பேட்டரி இல்லாமல் அசையாது. மின்சுற்று பழுதானால் நிறுவனம் பாகம் தரும்வரை கவலையில்லை. அதற்குப் பிறகு இன்னொரு 17ஐப் பிரித்தெடுக்க வேண்டிவரும். 2024இல் அமெரிக்காவில் 500 டாலருக்கு வெளிவந்த கேமரா, பென் அளவுக்கு ஜங்க் பெட்டிகளில் குவியுமா என்பது சந்தேகம்தான்.